பழைய காரில் பஃபர் விட்டுச்சென்ற சுழல் தடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஃபர் எனும் பாலிஷ் மெஷின் போட்டு முடித்த கையோடு நிழலில் பார்த்தால் கார் பளபளவென்று இருக்கும். வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியதும் பானெட் முழுக்க அலையலையாகக் கோடுகள் தெரியும். பழைய கார் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் கலங்கிப்போகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பழைய பெயிண்டில் எவ்வளவு குறைவாக அரைத்து வேலையை முடிக்க முடியும் என்று பார்க்க வேண்டும். தடம் முழுவதும் போயிற்றா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்தக் கோடுகள் உண்மையில் என்ன? பாலிஷ் போட்ட பிறகு எப்படி வந்தன?

மிக நுண்ணிய கீறல்கள்தான். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றுகிறது. அதில் மாட்டிய கம்பளி பேடின் ஒவ்வொரு இழையும், காம்பவுண்ட் எனும் அரைக்கும் பசையில் உள்ள ஒவ்வொரு அரைதுகளும் அதே வட்டப் பாதையில் பெயிண்டை உரசிக்கொண்டு போகின்றன. மெஷின் நகரும் வழியெல்லாம் அந்தக் கீறல்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஒரே திசையில் அடுக்கியிருப்பதால் நீங்கள் நடக்க நடக்க வெளிச்சமும் அவற்றின் மேல் நகர்வது போலத் தோன்றும். ஹோலோகிராம் என்று இதைச் சொல்வது அதனால்தான்.

கம்பளி பேடும் கனமான காம்பவுண்டும் போட்டு அரைப்பது தவறில்லை. அது பாதி வேலை. அதன்பின் மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் கொண்டு அந்தத் தடத்தை எடுக்கும் அடுத்த சுற்று ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் மெழுகு பூசி அனுப்பிவிடும்போதுதான் தடம் கார்மேல் தங்கிவிடுகிறது. அழுக்கேறிய பேட், பேடைச் சாய்த்துப் பிடித்து விளிம்பால் அரைப்பது, தேவைக்கு மேல் வேகம் ஆகியவையும் காரணங்கள்தான். ஆனால் நான் பார்த்தவரை, விட்டுப்போன அந்தக் கடைசிச் சுற்றுதான் முதல் காரணம்.

கழுவித் துடைப்பதால் வரும் சுழல் கீறலும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. துடைப்பதால் வரும் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும். அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கின் பிரதிபலிப்பைச் சுற்றி வட்ட வட்டமான வலை போலக் கண்ணுக்குத் தெரியும். விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். பஃபர் தடம் அப்படி இல்லை. மெஷின் போன பாதையைப் பின்பற்றி நீளமாக, பட்டை பட்டையாக, வளைந்து போகும். ஒரு கோணத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும், அடுத்த கோணத்தில் மறையும். பழைய கார்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஷெட்டுக்குள் ஒன்றுமே தெரியவில்லை, வெயிலில் மட்டும் தெரிகிறது. ஏன்?

டியூப்லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் கீறலை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். வெயிலுக்கு அடுத்தபடி நல்ல எல்இடி டார்ச் ஒன்று போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டிகளில் தடம் அதிகமாகத் தெரியும். கீறல் சிதறடிக்கும் வெளிச்சம் இருண்ட பின்னணியில் தனித்து நிற்பதுதான் காரணம். வெள்ளைக் காரிலும் அதே அளவு தடம் இருக்கலாம், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

என் காரில் இருப்பது என்ன வகைப் பெயிண்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இதற்கு விடை தெரியாமல் மெஷினைக் கையில் எடுக்க வேண்டாம்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கும். பாலிஷ் போடும்போது அரைபடுவது அதுதான். இந்த முறை 1980களில்தான் பரவலானது. அதற்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் ஒற்றை அடுக்குப் பெயிண்ட் கொண்டவை, அதாவது நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில். 1920களில் டூகோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள் வந்தன. 1930களில் ஆல்கிட் எனாமல், 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கர், அப்புறம் அக்ரிலிக் எனாமல். பழைய காரில் பாலிஷ் போடும்போது அரைபடுவது நிறமேதான்.

சோதனை எளிது. டிக்கிக் கதவின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத ஓர் இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெல்லிய பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் ஒற்றை அடுக்கு. ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்க வாய்ப்பு அதிகம். கார் வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணியில் சோதியுங்கள், இல்லாவிட்டால் நிறம் ஏறியது தெரியாது. அதேபோல வெளியே தெரியாத இன்னோர் இடத்தில் லாக்கர் தின்னரை ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால், லாக்கர் என்றால் கரைந்து பிசுபிசுக்கும். நன்றாக இறுகிய எனாமலோ, கடினமாக்கி கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்டோ அவ்வளவு சுலபமாகக் கரையாது.

காரின் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 1960களின் கார் பின்னாளில் கிளியர் கோட்டுடன் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கலாம். ஒரே காரில் கதவு ஒரு வகை, ஃபெண்டர் இன்னொரு வகை என்றும் இருக்கும். ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகச் சோதிப்பதுதான் சரி.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றுக்கும் ஒரே பாலிஷ்தானே?

சூட்டை அவை தாங்கும் விதமே வேறு. லாக்கர் என்பது தின்னர் ஆவியாகிப் போனதும் இறுகும் பெயிண்ட். அதற்குள் வேதிப் பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. அதனால் சூடு ஏறினால் மறுபடி இளகும். ரோட்டரி மெஷினை ஓரிடத்திலேயே நிறுத்திவிட்டால் லாக்கர் இழுபட்டுக் கோரமாகிவிடும். எனாமலும் இரண்டு பாகப் பெயிண்டும் இறுகும்போது பிணைப்பு உருவாவதால் அந்த அளவுக்கு இளகாது.

மெட்டாலிக் நிறத்தில் ஒற்றை அடுக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அலுமினியத் துகள்கள் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. மேலே மூடி எதுவும் இல்லை. கனமாக அரைத்தால் துகள்கள் கலைந்து, பேனல் திட்டுத்திட்டாக, ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளிறியும் தெரியும். அதை மெஷினால் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை. பழைய மெட்டாலிக் காரில் மிக மெல்லிய பாலிஷைத் தாண்டிப் போகாதீர்கள்.

பெயிண்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க முடியுமா?

முடியும். பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், சொல்லும். தொழிற்சாலையிலிருந்து வந்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். 200ஐத் தாண்டினால் அநேகமாக மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தை எட்டினால் கீழே பட்டி இருக்கிறது என்று அர்த்தம். 80க்குக் கீழே காட்டினால் கனமான காம்பவுண்ட் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் கருவி சொல்வது மொத்தக் கனம்தான். பிரைமர் எனும் அடிப்பூச்சு எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 120 மைக்ரான் இருக்கிறது என்று நம்பி அரைத்தால், அதில் பாதிக்கு மேல் பிரைமராகவும் இருக்கலாம். அலுமினியப் பேனலை அளக்க அதற்கேற்ற வகைக் கருவி வேண்டும். 1953 முதல் ஃபைபர் கிளாஸ் உடலோடு வரும் செவ்ரோலெட் கார்வெட் போன்ற கார்களில் சாதாரணக் கருவி வேலையே செய்யாது. மீயொலி வகை வேண்டும். ஃபைபர் கிளாஸ் சூட்டை அதிகம் கடத்தாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தகரத்தில் பரவிப் போய்விடும் சூடு அங்கே பெயிண்டிலேயே தேங்கும்.

கருவி கிடைக்காவிட்டால் கண்ணை நம்புங்கள். உடல் மடிப்புகளிலும் பானெட் விளிம்புகளிலும் சாம்பல் நிறமோ செங்காவி நிறமோ மங்கலாக எட்டிப் பார்த்தால் அது பிரைமர். அந்தப் பேனலில் ஏற்கெனவே நிறைய அரைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை பாலிஷ் போட்டால் எவ்வளவு பெயிண்ட் போகும்?

மெல்லிய ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான ஸ்பாஞ்ச் பேடும் என்றால் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூடப் போகாது. கம்பளி பேடும் கனமான காம்பவுண்டும் என்றால் சில மைக்ரான் போய்விடும். கிளியர் கோட்டில் அதன் ஆயுளுக்கும் சேர்த்து 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. வெயிலைத் தாங்க உதவும் சேர்மானங்களும் அந்த அடுக்கோடு சேர்ந்தே குறைகின்றன.

பழைய காரின் பெயிண்ட், மேற்கொண்டு பணம் போட முடியாத சேமிப்புக் கணக்கு போன்றது. எடுக்க மட்டும்தான் முடியும். உங்களுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவர்களும் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எவ்வளவு என்று அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

பஃபர் தடத்தை எடுக்க மறுபடி கனமான காம்பவுண்ட் போட வேண்டுமா?

வேண்டாம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கோடு ஆழமாகத் தெரிகிறதே, பலமாக அரைத்தால்தான் போகும் என்று நினைக்கிறார்கள். பஃபர் தடம் பார்க்கப் பயமுறுத்துமே தவிர, பெரும்பாலும் ஆழம் குறைவு. விட்டுப்போன அந்த மெல்லிய சுற்றை இப்போது செய்தாலே பெரும்பகுதி போய்விடும். பலமாக அரைத்தால் புதுத் தடம்தான் மேலே ஏறும்.

எனவே எப்போதும் இருப்பதிலேயே மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். இரண்டடி சதுரத்துக்கும் குறைவான ஓர் இடத்தில் செய்துபார்த்து, டார்ச் அடித்துச் சோதியுங்கள். போதவில்லை என்றால் முதலில் பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாலிஷை மாற்றுங்கள். எந்தக் கூட்டணி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் முழுக் காருக்கும் போக வேண்டும். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் பேட் இன்னொன்றின் மஞ்சள் பேட் போல இருக்காது. நிறத்தைப் பார்த்து வாங்காமல், அது எதற்கான பேட் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எந்த மெஷின் நல்லது?

வீட்டில் செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின். அதன் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் அரைதுகள் ஒரே பாதையில் போவதில்லை. அதனால் ஹோலோகிராம் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. சூடும் மெதுவாகத்தான் ஏறும். அழுத்திப் பிடித்தால் பேட் சுற்றுவதை நிறுத்திவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு.

ரோட்டரியில் தடத்தை எடுக்கவே முடியாது என்பதில்லை. பழகிய கை 1,000 முதல் 1,200 ஆர்பிஎம் வேகத்தில், மென்மையான ஸ்பாஞ்ச் பேடைத் தட்டையாக வைத்து, மெஷினின் எடையை மட்டும் விட்டு, மெல்லிய பாலிஷில் அழகாக முடித்துவிடும். அந்தப் பழக்கத்தை உங்கள் சொந்தக் காரின் பழைய லாக்கரில் கற்றுக்கொள்ள வேண்டாம். காயலான் கடையில் ஒரு கதவு வாங்கிப் பழகுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மணலோடு பாலிஷ் போட்டால் மணலால் அரைத்ததாகத்தான் ஆகும். கழுவிய பிறகும் விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் கிளே பார் எனும் களிமண் போன்ற கட்டி கொண்டு, நிறைய வழுவழுப்புத் திரவம் தெளித்து, அழுத்தாமல் தேய்த்தெடுங்கள். ஒற்றை அடுக்குப் பெயிண்டில் கிளேயிலும் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம்.

அடுத்தது மாஸ்கிங் டேப். மடிப்புக் கோடுகள், பேனல் விளிம்புகள், ரப்பர் பட்டைகள், குரோம், எழுத்துகள் எல்லாவற்றையும் மூடுங்கள். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாக இருப்பதால் முதலில் அங்கேதான் போகும். ரப்பரில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது. கோச் லைன் எனும் கையால் தீட்டிய மெல்லிய அலங்காரக் கோடு இருந்தால் அதன் மேல் மெஷின் படவே கூடாது. பழைய எழுத்துகளைக் கழற்றிவிட்டுச் செய்யலாமே என்று தோன்றும். பின்புற ஊசிகள் முறிந்தால் மாற்று கிடைக்காத கார் என்றால் டேப் ஒட்டுவதே மேல்.

கார் நிழலில், பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள்.

சரி, மெஷினை எடுத்தாயிற்று. எப்படிப் போடுவது?

5 அங்குல பேட் பெரும்பாலான இடங்களுக்குச் சரிப்படும். புது பேடின் முகம் முழுக்கப் பாலிஷை லேசாகத் தடவிப் பழக்குங்கள், காய்ந்த ஸ்பாஞ்ச் தானே கீறும். பிறகு பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். பேடைப் பேனல்மேல் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். குறைந்த வேகத்தில் ஒரு தடவை பரப்பிவிட்டு, 6 நிலை உள்ள மெஷினில் 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள்.

ஒரு நேரத்தில் 45 செ.மீ. சதுரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. என்ற நிதானத்தில் மெஷின் நகர வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை என மாற்றி மாற்றி நான்கைந்து சுற்று. கடைசிச் சுற்றில் அழுத்தத்தைக் குறையுங்கள். பேட் சுற்றுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், பேடைத் தாங்கும் தட்டான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேலையின்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

ஒரு பகுதி முடிந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்த பகுதிக்குப் போகும் முன் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதிக் கார் அழகாகவும் மீதிப் பாதி புதுத் தடங்களோடும் முடிகிறது. ஒற்றை அடுக்கில் பேட் சீக்கிரமே நிறத்தால் நிரம்பிவிடும். ஒரு பானெட்டுக்கே இரண்டு மூன்று பேட் தேவைப்படும்.

அடிக்கடி புறங்கையால் பேனலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்.

பேட் முழுக்க காரின் நிறம் ஏறிவிட்டது! பெயிண்டைக் கெடுத்துவிட்டேனா?

இல்லை. ஒற்றை அடுக்குப் பெயிண்டில் அது இயல்பு. முதலில் வருவது வெயிலில் செத்துப்போன மேல்தோல். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஏறினால்தான் ஆபத்து: கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். உடனே நிறுத்துங்கள்.

இரட்டை நிறக் கார் என்றால் பேடையும் துணியையும் நிறத்துக்கு ஒன்றாகத் தனியே வையுங்கள். சிவப்பு ஏறிய பேட் வெள்ளைப் பகுதியில் ஏறினால் ரோஜா நிறச் சாயம் பிடிக்கும்.

பெயிண்ட் வெளிறி, சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கிறது. அதையும் மெஷினால் எடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த ஒற்றை அடுக்குப் பெயிண்டில் உடனே மெஷினை வைத்தால் உலர்ந்த நிறம் தூளாகக் கொட்டும். முதலில் எண்ணெய்ச் சத்து மிகுந்த, அரைதுகள் இல்லாத கிளேஸ் ஒன்றைக் கையால் தாராளமாகத் தேய்த்து ஊறவிடுங்கள். மெகையர்ஸ் நம்பர் 7 இதற்குப் பேர்போனது. ஓர் இரவு விட்டுத் துடைத்து, தேவைப்பட்டால் மறுபடி. நிறம் ஆழம் கூடி எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். ஒற்றை அடுக்குப் பெயிண்டின் அந்த அடர்த்தி எந்தக் கிளியர் கோட்டிலும் வராது. அதன் பிறகும் தடம் இருந்தால் மெல்லிய பாலிஷுக்குப் போகலாம்.

எந்தக் குறைகளை பாலிஷால் சரிசெய்ய முடியாது?

நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு அப்பாற்பட்டது. விளிம்பை மழுக்கலாம், அவ்வளவே. பழைய லாக்கரில் வரும் மயிரிழை வெடிப்புகள் பெயிண்டின் உள்ளே போகின்றன. அவற்றின் மேல் காம்பவுண்ட் போட்டால் வெடிப்புக்குள் வெள்ளையாகப் பொதிந்து முன்பைவிட மோசமாகத் தெரியும். கொப்புளம், கீழிருந்து வரும் துரு இவையும் பெயிண்டர் வேலைதான்.

தடம் போய்விட்டது என்று பார்த்தால் நான்கு தடவை கழுவியதும் திரும்பி வந்துவிட்டது. ஏன்?

போகவே இல்லை. பல பாலிஷ்களிலும் கிளேஸ்களிலும் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. கழுவக் கழுவ அவை வெளியேற, கீறல் மறுபடி தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க, பாலிஷ் முடிந்ததும் எண்ணெயை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கிளியர் கோட்டில் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பார்கள். பழைய லாக்கரில் அதைச் செய்ய வேண்டாம், கரைப்பான்கள் அதை மென்மையாக்கிவிடும். ஷாம்பு தண்ணீரில் மென்மையாகக் கழுவிக் காயவைத்து வெயிலில் பார்த்தாலே போதும்.

நிரப்பி மறைப்பது எப்போதும் ஏமாற்று வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயிண்ட் மெலிந்துபோன காரில், இனி அரைக்கக் கூடாது என்று தெரிந்தே கிளேஸ் போட்டு மறைப்பது நல்ல முடிவு. சொல்லாமல் செய்து, சரிசெய்துவிட்டதாகக் காசு வாங்குவதுதான் தப்பு.

புதிதாக மறு பெயிண்ட் அடித்த காரில் இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருக்கும் தின்னர் மெல்ல வெளியேறப் பெயிண்ட் சுருங்கி அமர்கிறது. அப்போது கீழே இருந்த உப்புத்தாள் கோடுகள் மேலே தெரியத் தொடங்கும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு கடைசி பாலிஷ் போடுவதே சரி.

மெஷின் இல்லாமல் கையால் எடுக்க முடியுமா?

மென்மையான லாக்கரில் ஓரளவு முடியும். கடினமான கிளியர் கோட்டில் தோள்தான் வலிக்கும். ஆனால் கதவுக் கைப்பிடியைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, மடிப்புகளின் ஓரத்தில் எல்லாம் மெஷின் வைத்திருப்பவர்களும் கையால்தான் செய்ய வேண்டும். சின்ன ஸ்பாஞ்சில், நேர்க்கோட்டில் தேயுங்கள்.

எல்லாத் தடமும் போக வேண்டாமா?

என் பதில்: வேண்டாம். முதல் மெல்லிய சுற்றிலேயே பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருக்கும் ஆழமான சிலவற்றைத் துரத்திக்கொண்டு போனால், அந்த ஒன்றிரண்டு கீறலுக்காகப் பேனல் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் அடித்த முதல் பெயிண்ட் இன்னும் இருக்கும் கார் என்றால் இதில் இன்னும் பிடிவாதமாக இருங்கள். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம், பழைய வாகனங்களில் இருப்பதைப் பேணுவதற்கு முன்னுரிமை தருகிறது. அந்தப் பெயிண்ட் அந்தக் காரின் சரித்திரத்தில் ஒரு பகுதி. உப்புத்தாள் போட்டு அதைச் சமப்படுத்தும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வெளியே கொடுத்துச் செய்வதென்றால் என்ன கேட்க வேண்டும்?

ஒற்றை அடுக்குப் பெயிண்டில் வேலை செய்திருக்கிறாரா, கனம் அளப்பாரா, முதலில் ஓரிடத்தில் செய்து காட்டுவாரா என்று கேளுங்கள். கடைசிச் சுற்று எந்த மெஷினில், எந்த பேடில் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். வண்டியைத் திரும்ப வாங்கும்போது, மெழுகு பூசும் முன் வெயிலில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதுகாப்பு விஷயமாக ஏதாவது?

பழைய பெயிண்டுகளில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள் நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் இருந்தன. தூசு மூக்கில் போகாமல் முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் போடுங்கள். காய்ந்த பேடைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதைவிடத் தண்ணீரில் கழுவுவது நல்லது. மெஷின் ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், பெயிண்டிலும் உரசாது, பேடிலும் சிக்காது.

முடிந்த பிறகு என்ன பூசலாம்? மறுபடி தடம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒற்றை அடுக்குக்குக் கார்னோபா மெழுகு எனக்குப் பிடித்தது. நிறத்துக்கு ஆழம் தரும், எளிதாக எடுக்கவும் முடியும். செயற்கை சீலன்ட் அதிக நாள் நிற்கும். செராமிக் கோட்டிங் போட்டால் அதை எடுக்க மறுபடி அரைக்க வேண்டியிருக்கும். பழைய மெல்லிய பெயிண்டில் அதை நான் சொல்ல மாட்டேன்.

பழைய கார்கள் மழையில் ஓடுவது குறைவு, கழுவுவதும் குறைவு. அவற்றுக்குக் கீறல் வருவது பெரும்பாலும் தூசு தட்டும்போதுதான். உலர்ந்த துணியால் ஒரு தட்டு, ஒரு துடைப்பு என்று செய்வதை நிறுத்துங்கள். தூசு லேசாக இருந்தால் வழுவழுப்புத் திரவம் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் எடுங்கள். அதிகமென்றால் ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி வைத்து முறையாகக் கழுவுங்கள். தூசு படிந்த காரின் மேல் உறையைப் போடாதீர்கள். காற்றில் உறை அசையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசு பெயிண்டில் தேயும். சர்வீஸுக்கு விடும்போது, கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள்.

இனி எப்போது மறுபடி மெஷின் பாலிஷ்?

நாட்காட்டியைப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது. வெயிலில் நிறுத்தி, நின்று பார்த்து, உங்களால் சகிக்க முடியாத அளவுக்குத் தடம் இருந்தால் மட்டும். முறையாகத் துடைத்து வந்தால் பல ஆண்டுகளுக்கு மெழுகு மட்டுமே போதும். மெஷின் போடும்போதெல்லாம் தேதி, பயன்படுத்திய பேட், பாலிஷ், ஒவ்வொரு பேனலின் கனம் ஆகியவற்றைக் காரின் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்து அதை வைத்திருக்கப்போகிறவருக்கு அந்தக் கணக்கு தேவைப்படும்.